சம்பளம் வந்தது, பணம் வரவில்லை

2016 ஜனவரியில் லிபியாவில் ஒரு காலை, பக்கத்துக் கட்டடத்தில் குடியிருந்த சேலத்து நண்பர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "சார், அரியர்ஸ் விழுந்துடுச்சு. பாங்க்லேயிருந்து பையன் சொன்னான்." ஏழு மாதச் சம்பளம். என் கணக்கில் மட்டும் 15,400 லிபிய தினார். அன்று மதியம் இருந்த சேமியாவைப் போட்டுப் பாயசம் வைத்தோம். ஊருக்குப் பேசி மனைவியிடம் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள்.

அந்தப் பணத்தில் முதல் நோட்டைக் கையில் தொடுவதற்கு அடுத்த பத்தொன்பது நாள் ஆயிற்று. பெரும்பகுதியை நான் இன்றுவரை தொடவில்லை.

இப்போதும் தெரிந்த பிள்ளைகள் யாராவது கேட்பார்கள்: "சார், எண்ணெய் நாடு, நல்ல சம்பளம், கொஞ்சம் பிரச்சினைன்னு சொல்றாங்க, போகலாமா?" போகாதே என்று நான் சொல்வதில்லை. லிபியா எனக்கு வீடு கட்டிக் கொடுத்தது, தங்கை கல்யாணத்தை நடத்தியது. ஆனால் எண்ணெயை மட்டும் நம்பிய ஒரு நாடு சரியும்போது எது முதலில் சரிகிறது என்பதை அங்கே ஏழு வருடம் இருந்து பார்த்தேன். அதைச் சொல்லாமல் ஒருவரை அனுப்பி வைக்க மனம் வரவில்லை.

2009 அக்டோபரில் ஆங்கில விரிவுரையாளராகப் போய்ச் சேர்ந்தேன். திரிப்போலிக்கு மேற்கே கடலோரத்தில் ஜன்சூர் என்ற ஊரில் வீடு. அந்த ஆண்டுதான் கடாஃபி ஆட்சிக்கு வந்து நாற்பது ஆண்டு நிறைவு. சாலை முழுக்க அவர் படம். நாள்தோறும் சுமார் 16 லட்சம் பீப்பாய் எண்ணெய் எடுத்தார்கள், மக்கள்தொகை அறுபது லட்சத்தை ஒட்டி. ஆப்பிரிக்காவிலேயே மிகப் பெரிய எண்ணெய் இருப்பு அவர்களுடையது. பெட்ரோல் லிட்டர் 150 திர்ஹம், அதாவது ஒரு தினாரில் ஏழில் ஒரு பங்கு. அதைவிடக் குடிதண்ணீர் பாட்டில் விலை அதிகம். அரிசி, மாவு, சர்க்கரை, சமையல் எண்ணெய் எல்லாம் 'ஜம்இய்யா' என்கிற கூட்டுறவுக் கடையில் மானிய விலைக்கு. நம்மூர் ரேஷன் கடை மாதிரிதான், சரக்கு மட்டும் தாராளம்.

எங்கள் ஒப்பந்தப்படி சம்பளத்தில் பெரும் பகுதியை டாலராக மாற்றி ஊருக்கு அனுப்பலாம். ஒரு தினாருக்கு எண்பது அமெரிக்க சென்ட் வரை கிடைத்த காலம் அது. முதல் ஒன்றரை வருடம் இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் இருந்தேன்.

அப்போது கவனிக்கத் தவறிய விஷயம் ஒன்று உண்டு. அந்த ஊரில் ரொட்டி சுடுகிறவர் எகிப்துக்காரர். கட்டடம் கட்டுகிறவர்கள் துருக்கியரும் சீனரும். மருத்துவமனையில் கேரளத்து, பிலிப்பைன்ஸ் நர்சுகள். கல்லூரியில் நாங்களும் இராக்கியரும். லிபியர்களில் பெரும்பாலோர் அரசுச் சம்பளக்காரர்கள். அரசு வருமானத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் எண்ணெய். எண்ணெய் விற்ற பணம் மத்திய வங்கிக்கு வரும், அங்கிருந்து சம்பளமாகவும் மானியமாகவும் வீடு வீடாக இறங்கும். ஒரே குழாய். அந்தக் குழாயில் நானும் வாய் வைத்திருந்தேன்.

2011 பிப்ரவரி 17-ஐப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கிழக்கே பெங்காசியில் கடாஃபிக்கு எதிராகத் தொடங்கிய கிளர்ச்சி நாலைந்து நாளில் திரிப்போலிக்கு வந்துவிட்டது. இணையம் போனது, போன் விட்டு விட்டு வந்தது. விமான நிலையத்துக்கு வெளியே மழையிலும் குளிரிலும் ஆயிரக்கணக்கான எகிப்தியர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. அந்த முறை இந்திய அரசு விமானத்திலும் கப்பலிலுமாகப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அழைத்து வந்தது. ஏர் இந்தியா விமானத்தில் கைக்குழந்தை மாதிரி சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

நாங்கள் கிளம்பிய அடுத்த வாரமே எங்கள் தெருவில் ரொட்டிக்கடைகள் மூடிக்கிடந்ததாக வீட்டுக்காரர் பிறகு சொன்னார். கோதுமை இருந்தது, சுட ஆளில்லை.

2012-இல் திரும்பிப் போனேன். பேராசை என்று சிலர் சொன்னார்கள். அப்படி நான் நினைக்கவில்லை. கடாஃபி போய்விட்டார், எண்ணெய் உற்பத்தி மறுபடி 14 லட்சம் பீப்பாயைத் தொட்டுவிட்டது, ஜூலை 7-ஆம் தேதி தேர்தல். என் மாணவிகள் மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டிய நாள் அது. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

சரிவு தொடங்கியது 2013 கோடையில். அப்போது ஜன்சூரில் ஒரு துப்பாக்கிச் சத்தம்கூட இல்லை. கிழக்கே எஸ் சித்ர், ராஸ் லனூஃப் என்ற எண்ணெய்த் துறைமுகங்களைக் காவல் காக்க வேண்டிய படையின் தலைவர் இப்ராஹிம் ஜத்ரான், அவற்றையே மூடிவிட்டார். கிழக்குக்கு உரிய பங்கு கொடுங்கள் என்பது அவர் கோரிக்கை. 14 லட்சம் பீப்பாய் சில மாதங்களில் இரண்டு மூன்று லட்சமாகச் சுருங்கியது. அக்டோபர் 10-ஆம் தேதி விடியலில் பிரதமர் அலி ஸெய்தானையே ஆயுதக் குழு ஒன்று தூக்கிக்கொண்டு போய்ச் சில மணி நேரம் கழித்து விட்டது. நாங்கள் பிரதமர் கடத்தலைப் பற்றி இரவெல்லாம் பேசினோம். துறைமுகம் மூடியதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எங்கள் தலையில் விழப்போவது அதுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதன் பின் ஊருக்கு அனுப்பும் பணம் பத்து நாளில் போனது நாற்பது நாளாயிற்று. 2014 மார்ச்சிலிருந்து நான்கு மாதம் சம்பளமே வரவில்லை. அலுவலகத்தில் கேட்டால் "புக்ரா, இன்ஷா அல்லாஹ்". நாளைக்கு, இறைவன் நாடினால். அந்த குமாஸ்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் அதற்கு மேல் எதுவும் தெரியாது.

ஜூலை 13-ஆம் தேதி திரிப்போலி விமான நிலையத்துக்காக ஆயுதக் குழுக்கள் சண்டையைத் தொடங்கின. நிலையமே எரிந்து நாசமானது. விமான நிலையச் சாலையில் இருந்த எரிபொருள் கிடங்கில் ராக்கெட் விழுந்து தீப்பிடித்த நாளில், எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கிழக்கு வானத்தில் பாதி கறுப்பு. துவைத்துக் காயப்போட்ட துணியில் கரி படிந்தது. இந்தியத் தூதரகம் கிளம்பச் சொல்லி அறிவித்தது.

எனக்கு நான்கு மாதச் சம்பளம் வரவேண்டியிருந்தது. மனைவியையும் மகளையும் அனுப்பிவிட்டு நான் இருப்பதென்று முடிவு செய்தேன். இந்த முழு ஏழு ஆண்டில் நான் எடுத்த தவறான முடிவு இதுதான். அவர்களோடு நானும் போயிருக்க வேண்டும்.

வீட்டுக்காரரை நாங்கள் ஹாஜ் என்றுதான் கூப்பிடுவோம். அறுபத்தைந்து வயது, முன்னாள் துறைமுக ஊழியர். தூனிசிய எல்லைக்கு அவரே வண்டி ஓட்டி வந்தார். வாடகை வண்டிக்காரர்களை நம்ப வேண்டாம் என்றுவிட்டார். விடிகாலை நாலரைக்குக் கிளம்பினோம். ஊருக்கு மேற்கே '27-ஆம் பாலம்' என்ற இடத்தில்தான் அப்போது பயம், யார் எந்த நேரத்தில் சாலையை மறிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஹாஜ் முந்தின இரவே அந்தப் பக்கத்து உறவுக்காரர் மூன்று பேருக்குப் போன் போட்டு, ஒவ்வொருவர் சொன்னதையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். டிவியைப் பார்க்கவே இல்லை. "டிவிக்காரன் நேற்று நடந்ததைச் சொல்வான், துக்தூர் (டாக்டர்). என் மச்சான் இப்போது அந்தச் சாலையில் நிற்கிறான்" என்றார்.

ஸாவியா, சப்ராத்தா, ஸுவாரா. சாவடிகளில் நின்றவர்களில் பாதிப் பேர் என் மாணவர்கள் வயது. ஒருவன் பாஸ்போர்ட்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டே வெகுநேரம் பார்த்தான். ஹாஜ் அவனுடைய தகப்பனார் குலத்தைக் கேட்டார். அவன் சொன்னான். அந்தக் குலத்தில் தனக்குத் தெரிந்த ஒருவர் பெயரைச் சொன்னார். பாஸ்போர்ட் திரும்பி வந்தது. பின் இருக்கையில் என் மகள் அம்மா கையைப் பிடித்தபடி பதினாறாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஏன் அந்த வாய்ப்பாடு என்று பிறகு கேட்டேன், அதுதான் அவளுக்குச் சரியாக வராதாம். அதைச் சொல்லிக்கொண்டிருந்தால் வேறு எதையும் நினைக்க வேண்டியதில்லை.

ராஸ் அஜ்திர் எல்லையில் கார் வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் நின்றது. அங்கே நான் பார்த்ததைச் சொல்லியாக வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பணம் இல்லாதவர்கள் அல்ல, காகிதம் சரியாக இல்லாதவர்கள். வேலை கொடுத்தவரிடம் பாஸ்போர்ட் மாட்டிக்கொண்டவர்கள், வெளியேறும் அனுமதியான 'குரூஜ்' முத்திரை காலாவதியானவர்கள், லிபியாவில் பிறந்த குழந்தையைப் பாஸ்போர்ட்டில் இன்னும் பதிவு செய்யாதவர்கள். ஒரு குடும்பத்தில் எல்லோருக்கும் சரியாக இருந்து ஆறு மாதக் குழந்தைக்கு மட்டும் காகிதம் இல்லை. அந்தத் தாய் நின்ற கோலத்தை எழுத என்னால் முடியாது.

அதனால் கேட்கிறவர்களிடம் முதலில் இதைச் சொல்கிறேன். பாஸ்போர்ட் உங்கள் பெட்டியில் இருக்கட்டும். நிர்வாகம் கேட்டால் பதிவுக்குக் கொடுங்கள், வேலை முடிந்ததும் போய் நின்று வாங்குங்கள். வெளியேறும் முத்திரை எப்போதும் உயிரோடு இருக்கட்டும், விடுமுறைக்குப் போகாத வருடத்திலும் போட்டு வையுங்கள். பணிச் சான்றிதழை வேலையை விடும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும் வாங்கி, வெளியுறவு அமைச்சகத்திலும் தூதரகத்திலும் முத்திரை வைத்துவிடுங்கள். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழும் அப்படியே. 2014-க்குப் பிறகு நாட்டில் இரண்டு அரசாங்கம், ஒன்று திரிப்போலியில், ஒன்று கிழக்கே தொப்ரூக்கில். எந்த முத்திரை செல்லும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. என்னுடைய மூன்றாண்டு அனுபவச் சான்றிதழ் முத்திரை இல்லாமல் வெறும் தாளாகத்தான் இருக்கிறது. இங்கே ஒரு கல்லூரியில் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள்.

மத்திய வங்கியும் இரண்டாகப் பிளந்தது. போதாததற்கு உலகச் சந்தையில் 2014 நடுவில் நூறு டாலருக்கு மேல் விற்ற பீப்பாய் 2016 ஜனவரியில் முப்பதுக்கும் கீழே. விற்க எண்ணெய் குறைவு, விற்றதற்கும் விலை இல்லை. டாலருக்குத் தட்டுப்பாடு வர, வியாபாரிகள் நோட்டைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். வங்கியில் போட்டால் எடுக்க முடியாது என்று தெரிந்த பிறகு யார் போடுவார்கள்? அப்படித்தான் 'ஸுயூலா' என்ற சொல்லை நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டோம். ரொக்கப் புழக்கம் என்று அர்த்தம். "மாஃபீஷ் ஸுயூலா" என்று வங்கிக் கதவில் சீட்டு ஒட்டிவிடுவார்கள். கணக்கில் பணம் இருக்கிறது, கொடுக்க நோட்டு இல்லை.

அந்த வரிசையில் நான் நின்றதைச் சொல்கிறேன். இரவு பதினொன்றுக்குப் போனால் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி எண் கொடுப்பார். என் எண் 143. நடைபாதையில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுத்திருப்பார்கள். பெண்களுக்குத் தனி வரிசை, அவர்கள் விடிந்த பிறகு வருவார்கள். என் பக்கத்தில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தெர்மாஸில் டீ கொண்டுவந்திருந்தார். கோட்டும் டையும். நடுராத்திரியில் வங்கி வாசலில் படுக்க எதற்கு டை என்று எனக்குள் ஒரு கேள்வி. அவரே சொன்னார், "நான் யாசகம் கேட்க வரவில்லை, என் பணத்தை வாங்க வந்திருக்கிறேன்." காலை ஒன்பதரைக்குக் கதவு திறந்தது. துப்பாக்கியோடு காவலுக்கு நின்றவர்களின் தெரிந்தவர்கள் முதலில் போனார்கள். ஆளுக்கு முந்நூறு தினார். எண் 90 வரை வந்ததும் கதவு சாத்தப்பட்டது. அந்தப் பெரியவர் எண் 141. டையைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தெர்மாஸை எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நடந்து போனார். அன்று வந்த கோபமும் துக்கமும் இதை எழுதும்போதும் வருகிறது. ஆப்பிரிக்காவிலேயே பெரிய எண்ணெய் வளத்தின் மேல் உட்கார்ந்திருந்த மனிதர் அவர்.

கடைகளில் எல்லாவற்றுக்கும் இரண்டு விலை வந்துவிட்டது. ரொக்கத்துக்கு ஒன்று, 'சக்' என்கிற காசோலைக்கு அதைவிடக் கூட. வங்கியில் பணம் சிக்கியவர்கள் காசோலை கொடுத்து அதிக விலைக்குப் பொருள் வாங்கி, அதைக் குறைந்த விலைக்கு விற்று ரொக்கம் பார்த்தார்கள். ஒரு தினாருக்குப் பை நிறைய வந்த ரொட்டியைக் கையில் எண்ணி வாங்கும் நிலை. திரிப்போலி பழைய ஊரை ஒட்டிய சூக் அல் முஷீர் கடைவீதியில்தான் கறுப்புச் சந்தை டாலர். அரசு விலை 1.40 தினாரை ஒட்டியே இருக்க, அங்கே 2016-இல் மூன்றைத் தாண்டி, வருடக் கடைசியில் ஆறை ஒட்டிப் போனது.

நான் கற்றதில் கனமான பாடம் இந்தக் கடைவீதியில் இருக்கிறது. துப்பாக்கிச் சத்தத்தை வைத்துக் கிளம்பும் நாளைக் கணக்கிடாதீர்கள். சத்தம் வரும், அடங்கும், மனிதன் அதற்குப் பழகிவிடுகிறான். அரசு விலைக்கும் கடைவீதி விலைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். வாரம் ஒருமுறை ஒரு தாளில் குறியுங்கள். எண்ணெய் எவ்வளவு ஏற்றுமதியாகிறது, துறைமுகம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஊருக்கு அனுப்பிய பணம் எத்தனை நாளில் சேர்கிறது என்று தேதி போட்டு வையுங்கள். என்னுடைய பழைய டைரியில் அந்தத் தேதிகள் இருக்கின்றன: 9 நாள், 12 நாள், 26 நாள், 41 நாள். 2013 கடைசியிலேயே அது எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது, நான்தான் கேட்கவில்லை.

இரண்டு மாதச் சம்பளம் நின்றால் மூன்றாம் மாதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். பாக்கி கூடக் கூட அதை விட்டுவிட்டு வர மனம் வராது. எங்கள் கூட்டத்தில் அத்தனை பேரும் அப்படித்தான் மாட்டினோம். "அரியர்ஸ் வரட்டும் சார், அடுத்த நாளே கிளம்பிடலாம்" என்று எத்தனை இரவு பேசியிருப்போம். அந்தப் பாக்கி எந்த உருவத்தில் வரும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. சம்பளம் வரும் மாதமே முடிந்த மட்டும் ஊர்க் கணக்குக்கு அனுப்பிவிட்டு, அங்கே மூன்று மாதச் செலவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் டாலரை நோட்டாக வீட்டில் வையுங்கள், மடிப்பில்லாத புது நோட்டாக, சிறிய நோட்டுகளும் கலந்து. சாவடியில் நூறு டாலர் நோட்டை வெளியே எடுப்பது ஆபத்து. லிபியானா, அல் மதார் இரண்டு சிம்மும் வைத்திருந்தேன், ஒன்று செத்தால் மற்றது வரும்.

கிளம்ப வேண்டும் என்று முடிவானால் தனியாகவும் கிளம்பாதீர்கள், தெரியாத சாலையிலும் போகாதீர்கள். 2015 ஜூலையில் சிர்த்தில் வேலை பார்த்த இந்திய ஆசிரியர்கள் நால்வரை வழியில் பிடித்துக்கொண்டு போனார்கள். இருவர் சில நாளில் வந்துவிட்டார்கள், மற்ற இருவர் வெளியே வர ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் வீடுகளில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மறு ஆண்டு மார்ச்சில் ஸாவியாவில் கேரளத்து நர்ஸ் ஒருவரும் அவருடைய சிறு பையனும் குண்டு விழுந்து இறந்தார்கள். அதன் பிறகு இந்திய அரசு லிபியா போகவே தடை போட்டது.

இத்தனைக்கும் நடுவில் எங்களைக் காப்பாற்றியது தெருதான். கரண்ட் இல்லாத நாளில் ஹாஜ் தன் ஜெனரேட்டரிலிருந்து எங்களுக்கு ஒரு வயர் இழுத்துக் கொடுத்தார். ஏழு மாதம் வாடகை கேட்கவில்லை. பாக்கி விழுந்ததும் காசோலையாகத் தருகிறேன் என்றேன். கடையில் அது குறைந்த விலைக்குத்தான் போகும் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் முழு மதிப்புக்கு வாங்கிக்கொண்டார். புதிதாகப் போகிறவர்கள் இந்தியர் மட்டும் கூடிக் குடியிருக்கும் இடத்தில் வீடு தேடாதீர்கள். உள்ளூர்க் குடும்பத்தோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடாகப் பாருங்கள். அவர்கள் மொழியில் விசேஷத்துக்கும் சாவுக்கும் சொல்ல வேண்டியதைக் கற்றுக்கொண்டு, இரண்டுக்கும் போய் நில்லுங்கள்.

2016 அக்டோபரில் திரிப்போலியின் இன்னொரு விமான நிலையமான மித்திகாவிலிருந்து தூனிஸ் வழியாக வந்துவிட்டேன். கணக்கில் 11,400 தினார் அப்படியே இருந்தது. நான் சேர்ந்த வருடத்து விலையில் அது ஒன்பதாயிரம் டாலருக்கு மேல். 2021 ஜனவரியில் தினாரின் அரசு விலையையே டாலருக்கு 4.48 என்று இறக்கினார்கள், இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் ஆயிற்று. எடுக்க வேண்டுமானால் நான் நேரில் போக வேண்டும்.

கடைசி நாள் ஹாஜிடம் எழுதிக் கையெழுத்துப் போட்ட காசோலை ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன், இரண்டாயிரம் தினாருக்கு. வாடகைப் பாக்கி தீர்ந்துவிட்டது, ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒவ்வொரு பெருநாளுக்கும் போன் செய்கிறார். போன முறை கேட்டேன், அந்தக் காசோலையை மாற்றினீர்களா என்று. குர்ஆன் வைக்கும் அலமாரியில் இருக்கிறது, நீ திரும்பி வரும்போது சேர்ந்து போய் வரிசையில் நிற்கலாம் என்றார்.